ஒன்பது புள்ளி முன்னிலையில் எழுந்து போனவர்

மேடையில் அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய போதகர் லிண்டா க்ரூஸ் அவர்களே, ஹாஸ்கெட் கல்லூரியின் சார்பில் வந்திருக்கும் திரு. ஆல்ஸ்பா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அர்லெட்டா ஸ்டக்கி அம்மையார் அவர்களே, அவர் மகள் ஜோலீன் அவர்களே, நாரைகள் வெளியூர்ப் பயணச் சங்கத்தின் உறுப்பினர்களே, ஊர்ப் பெரியோர்களே, கடைசி வரிசையில் சிவப்புத் தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் மேடக்ஸ் ஸ்டேட்காரர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். மேடக்ஸ்காரர்கள் தொப்பியைக் கழற்றினால் இன்னும் நல்லது. இது தேவாலயத்தின் கூடம்.

பேசத் தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த நேரத்தில் இண்டியானாபொலிஸில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். லீக் கூடைப்பந்தாட்டத்தின் அரையிறுதி. நம் ஹாஸ்கெட் நாரைகளும் மேடக்ஸ் கரடிகளும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நாம் அத்தனை பேரும் இருக்க வேண்டிய இடம் அது. இருக்கும் இடமோ இந்த மடக்கு நாற்காலிகள். யாரைக் குற்றம் சொல்வது? அர்லெட்டா அம்மையார் சனிக்கிழமை மதியம் என்று நாள் குறித்தபோது, தாராளமாக வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவன் நான்தான். வெள்ளிக்கிழமையே நாரைகள் தோற்றுப்போய் வீடு திரும்பிவிடுவார்கள் என்பதில் இந்த ஊரில் யாருக்காவது சந்தேகம் இருந்ததா? வருடா வருடம் அப்படித்தானே நடந்தது? இந்த வருடம் பார்த்து ஜெயித்துத் தொலைத்துவிட்டார்கள். லோவெல் உயிரோடு இருந்த காலத்தில் ஒரே ஒரு தடவை இதைச் செய்திருக்கக் கூடாதா? எனக்கு வயிறு எரிகிறது.

கடைசி வரிசையில் இருக்கும் நண்பர் டுவைட் பெக்டல் காதில் எதையோ செருகியிருக்கிறார். டுவைட், அது காது மந்தத்துக்கான கருவி இல்லை என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கும் மேடக்ஸ் பெரியவர் எம்மெட் ரைன்ஹார்ட் அவர்களும் அந்தக் காதை நோக்கிச் சாய்ந்துகொண்டிருக்கிறார். கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முகத்தில் மட்டும் எதையும் காட்டாதீர்கள். இங்கே ஒரு மனிதருக்கு இரங்கல் கூட்டம் நடக்கிறது.

அன்பர்களே! லோவெல் ஸ்டக்கி மறைந்தார். ஸ்டக்கி டயர்க்கடையின் அதிபர் மறைந்தார். நாரைகள் வெளியூர்ப் பயணச் சங்கத்தின் நிறுவனத் தலைவர் மறைந்தார். தலைவர் என்று சொல்லிவிட்டேன். சங்க விதிப்படி அது சரியில்லை. கண்ணை மூடிய அன்று அவர் தலைவராக இல்லை. நம் வண்டியின் முன் இருக்கை தலைவருக்கு உரியது. அந்த இருக்கையை, அவர் இறப்பதற்கு முந்தைய வாரம், நாம் எல்லோரும் கை தூக்கி அவரிடமிருந்து பறித்திருந்தோம். நானும் கை தூக்கினேன். அன்று எனக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால், மறுபடியும் தூக்குவேன்.

இந்த வாரம் லோவெலின் மனைவி அர்லெட்டா என் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் பெர்சிமன் பழ புட்டிங் இருந்தது. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"மார்லின், கூட்டத்துல நீ அவர எப்படி வேணாலும் புகழ்ந்துக்கோ. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். மேடக்ஸ்ல அன்னிக்கு ஏன் எழுந்து போனாரு?"

"எங்ககிட்ட அவன் சொல்லல, அர்லெட்டா."

"எங்கிட்ட மட்டும் சொன்னாரா? ஜோலீன் பொறந்தப்ப எழுந்திரிக்காத மனுஷன். யாருக்காக எழுந்தாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். நீ கேட்டுச் சொல்லு."

புட்டிங்கை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். யாரிடம் போய்க் கேட்பது? செத்தவனிடமா? நான் அதைத் தின்னவும் முடியாமல், திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். ஆக, இன்று நான் இந்த மேடையில் ஏறியது லோவெலைப் புகழ்வதற்கு மட்டும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவும்தான்.

முதலில் புகழ்ந்துவிடுகிறேன். அது சுலபம் என்று நினைக்காதீர்கள்.

லோவெல் ஸ்டக்கியைப் போல ஒரு ரசிகர் உண்டா? இல்லை. அவரைப் போல ஒரு தொல்லை உண்டா? அதுவும் இல்லை. சொந்த ஊர் அரங்கத்தில் உட்கார்ந்து கைதட்டுவதை அவர் ரசிகத்தனம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். "வீட்டுல யாரு வேணாலும் சத்தம் போடலாம். எதிராளி ஊர்ல போயி பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு உக்காரு, அப்ப பாக்கலாம்" என்பார். அதற்காகவே ஒரு தேவாலயத்தின் பழைய வேனை வாங்கிப் பச்சை அடித்தார். ஓட்டுநர் காலடியில் மட்டும் சூடு வரும் வண்டி அது. பின்னால் இருப்பவர்களுக்குப் போர்வைதான் கதி. குளிர்காலம் முழுவதும் அந்த வண்டியில் நம்மை எதிரிகளின் கல்லூரி ஒவ்வொன்றுக்கும் இழுத்துக்கொண்டு போனார். பனி கொட்டும். சாலை தெரியாது. நான் வண்டியை ஓரம் கட்டலாம் என்பேன். "ஆட்டம் ஏழு மணிக்கு, பனிக்கு அது தெரியாது, நீ ஓட்டு" என்பார்.

போன இடத்தில் வெளியூர்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய மூலையில் உட்காருவாரா? மாட்டார். உள்ளூர்க்காரர்களுக்கு நட்டநடுவில் போய்த்தான் உட்காருவார். சுற்றிலும் சிவப்பு, நீலம், மஞ்சள், நடுவில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பச்சைகள். முன்வரிசைக்காரன் திரும்பி முறைப்பான். "என்னப்பா முறைக்கிற? உங்க ஆளு ஃப்ரீ த்ரோவ வளையத்துலயே படாம எறியறான், அவனப் போயி முறை" என்பார் லோவெல். அடி விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொள்வேன். திறந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே பொட்டலத்துப் பாப்கார்னைத் தின்றுகொண்டிருப்பார்கள். எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. லீக்கில் ஒரு கல்லூரி ஊர் பாக்கியில்லாமல் அவரோடு சண்டை போட ஆள் வைத்திருந்தார். அவர்கள் வேறு கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவார்கள், வசவோடு.

ஒருமுறை நடந்ததைச் சொல்கிறேன். மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு ஓர் எதிரணியின் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தோம். வண்டி நிறுத்துமிடம் காலியாக இருந்தது. அரங்கத்தில் விளக்கில்லை. துடைப்பத்தோடு ஒருவர் வெளியே வந்தார்.

"ஆட்டமா? ஆட்டம் உங்க ஊர்லதானே நடக்குது" என்றார் அவர்.

அன்பர்களே, நம் ஊரில்! நம் அரங்கத்தில்! என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்! அட்டவணையைத் தலைவர் மாற்றிப் படித்திருக்கிறார். நான் பேசினால் கெட்ட வார்த்தைதான் வரும். தலைவரோ அசரவில்லை. "வந்தது வந்தாச்சு, ரேடியோவப் போடு" என்றார். எதிரியின் காலி மைதானத்தில், போர்வையைப் போர்த்திக்கொண்டு, நம் ஊர் ஆட்டத்தை ரேடியோவில் கேட்டோம். நாரைகள் ஜெயித்துவிட்டார்கள். அதோடு விட்டாரா? அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கும் அதே காலி மைதானத்துக்குப் போக வேண்டும், அங்கே போனால்தான் ஜெயிப்போம் என்று ஒற்றைக் காலில் நின்றார். போனோம். அதுதான் எனக்கு ஆத்திரம். போனோம்! கல்லூரி சார்பில் வந்திருக்கும் திரு. ஆல்ஸ்பா அவர்கள் வாகன நிறுத்துமிடப் பிரிவைச் சேர்ந்தவர். கல்லூரியின் பெரிய மனிதர்கள் எல்லாரும் இண்டியானாபொலிஸில் இருப்பதால் இவரை அனுப்பியிருக்கிறார்கள். இதே வண்டியைத் தடை செய்த இடத்தில் நிறுத்தியதற்காக லோவெலோடு அதிக நேரம் பேசியவர் இவர்தான். ஆகவே பொருத்தமான ஆள்தான்.

இப்போது எழுந்திருக்கக் கூடாது என்ற விதிக்கு வருகிறேன். சங்கத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நாரைகள் முன்னிலையில் இருக்கும்போது யாரும் இருக்கையை விட்டு எழக் கூடாது. அவ்வளவுதான் விதி. கால்மேல் கால் போட்டிருந்தால் அப்படியே இருக்க வேண்டும். தாகம் எடுத்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். கழிப்பறைக்கா? நாரைகள் பின்தங்கும்வரை காத்திரு. நாரைகள் எப்படியும் பின்தங்கிவிடுவார்கள் என்பதால் பெரும்பாலும் கஷ்டம் இருந்ததில்லை. டுவைட் மட்டும் ஒருமுறை கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தார். தலைவர் அவர் தோளில் கை வைத்து, "இன்னும் ஆறே நிமிஷம்டா, தாங்கிக்கோ, கல்லூரிக்காக" என்றார். டுவைட்டும் தாங்கிக்கொண்டார். அவர் இந்தச் சங்கத்துக்கு ஆற்றிய தொண்டை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரிக்கிறவர்களில் எத்தனை பேர் இந்த விதியை நம்பாதவர்கள்? கை தூக்குங்கள் பார்க்கலாம். ஒருவரும் இல்லை. மேடக்ஸ்காரர்கள்கூடத் தூக்கவில்லை. எல்லா ஊரிலும் இதே பைத்தியம்தான். பெயர்தான் வேறு.

லோவெல் இந்த விதியை எப்படிக் காத்தார்? ஜோலீன் பிறந்த அன்று மாலை நடந்ததைக் கேளுங்கள். மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் ஒரு ரேடியோ. நாரைகள் ஆறு புள்ளி முன்னிலை. செவிலி கதவைத் திறந்து, "ஸ்டக்கி, உள்ள வாங்க, நேரமாச்சு" என்கிறார். லோவெல் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் இரும்மா, இப்ப எழுந்திரிக்க முடியாது" என்கிறார். செவிலி, இவருக்குத்தான் ஏதோ உடம்புக்கு ஆகிவிட்டது என்று சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தார். அர்லெட்டா தனியாகப் பெற்றெடுத்தார். நாரைகள் ஜெயித்தார்கள். அர்லெட்டா அதை மறக்கவில்லை. ஏன் மறக்க வேண்டும்?

அப்படிப்பட்ட மனிதர்தான் போன மாதம் மேடக்ஸ் அரங்கத்தில் எழுந்து போனார்.

அந்த அரங்கத்தில் நாரைகள் ஜெயித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அன்று என்னவோ நம் பிள்ளைகளுக்குக் கை ராசி கூடியிருந்தது. எறிந்ததெல்லாம் வளையத்துக்குள் விழுந்தது. நான்கு நிமிடம் பாக்கி, ஒன்பது புள்ளி முன்னிலை. நாங்கள் மூச்சு விடவில்லை. அப்போது என் பக்கத்தில் இருக்கை கிறீச்சென்றது. திரும்பிப் பார்க்கிறேன், தலைவர் நிற்கிறார்.

"யோவ், உக்காரு" என்றேன்.

அவர் காதில் விழவில்லை. மேல்கோட்டைக் கழற்றினார்.

"லோவெல், உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? ஒம்போது புள்ளிடா" என்று டுவைட் அலறினார்.

படியில் இறங்கினார். நான் அவர் முதுகைக்கூடப் பார்க்கவில்லை, ஆட்டத்தைப் பார்த்தேன். அந்த நொடியில் கரடிகள் ஒன்று போட்டார்கள். அப்புறம் இன்னொன்று. அப்புறம் மூன்று புள்ளி எறிதல் ஒன்று. நம் பிள்ளைகள் பந்தைக் கையில் பிடிக்க மறந்துபோனார்கள். அரங்கமே எழுந்து கத்துகிறது. கடைசி ஊதல் ஊதியபோது ஒரு புள்ளியில் தோற்றிருந்தோம்.

தலைவர் வண்டியின் அருகில் நின்றுகொண்டிருந்தார். அந்தக் குளிரில் மேல்கோட்டைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். அது நனைந்திருந்தது.

"எங்க போன?"

"ஒரு வேலை இருந்துச்சு."

"அப்படி என்ன வேல?"

"முடிஞ்சுது. வண்டிய எடு, மார்லின்."

"சொல்லிட்டு ஏறு. இருபத்திரண்டு வருஷம், லோவெல்."

"தோத்தது என்னாலதான். அதுக்கு மேல கேக்காத."

நெடுஞ்சாலை உணவகத்தில் சங்கக் கூட்டம் நடந்தது. பொரித்த பன்றி இறைச்சி சாண்ட்விச் ஆறிக்கொண்டிருந்தது, யாரும் தொடவில்லை. டுவைட் தீர்மானம் கொண்டுவந்தார். எல்லோரும் கை தூக்கினோம். தலைவரைக் கேட்டோம், ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று. "சட்டம் சட்டம்தான்" என்றார். அவரும் கை தூக்கினார், தனக்கு எதிராகத் தானே. பிறகு வண்டியின் கடைசி இருக்கையில், சூடு வராத மூலையில் போய் உட்கார்ந்தார். நனைந்த கோட்டைப் போட முடியாமல், சட்டையோடு. யாரோ ஒரு போர்வையை எறிந்தார்கள். வழி நெடுக ஒருவரும் அவரோடு பேசவில்லை.

அடுத்த வாரம் கடையில், ஒரு வாடிக்கையாளரின் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும்போது நம் பிள்ளைகள் ஏன் பின்வாங்குகிறார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தாராம். பாதி வாக்கியத்தில் சாய்ந்துவிட்டார்.

என் நிலைமையைப் பாருங்கள். போதகர் லிண்டா என்னைக் கூப்பிட்டு, "நல்லதா நாலு வார்த்த பேசுங்க மார்லின், கோவப்படாதீங்க" என்கிறார். எப்படிக் கோபப்படாமல் இருப்பது? முப்பது வருடம் ஒருவனோடு ஒரே வண்டியில் போகிறேன். அவன் கேட்ட பாட்டைக் கேட்கிறேன், அவன் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்துகிறேன். கடைசியில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டான். வாய் திறந்தால் மூடாத மனிதன், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் தைத்துக்கொண்டான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று நேற்றுவரை நான் பொருமிக்கொண்டிருந்தேன்.

நேற்றுவரை என்று ஏன் சொல்கிறேன்? இன்று காலை நான் இங்கே நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். மேடக்ஸ் பெரியவர் எம்மெட் ரைன்ஹார்ட் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். மகனைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார். காபியை ஊற்றிக் கொடுத்தேன். சிவப்புத் தொப்பிக்காரனுக்குக் காபி ஊற்ற எனக்கு ஒன்றும் ஆசையில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"லோவெல் இருக்கைய புடுங்கிட்டீங்களாமே" என்றார்.

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஒரு வாரம் சிரிச்சாங்க. நான் சிரிக்கல."

பிறகு சொன்னார். சொல்லச் சொல்ல நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இதைக் கூட்டத்தில் சொல்லலாமா என்று அவரிடம் இரண்டு தடவை கேட்டேன். "எனக்கு எம்பத்தி மூணு வயசாச்சு. இனி எதுக்கு வெக்கம்? அவன் பேரு கெட்டுப்போயிக் கெடக்குது. நீ சொல்லு" என்றார். அவருடைய அனுமதியோடுதான் இதைப் பேசுகிறேன். யாராவது இதைக் கேட்டு வாயைப் பொத்திச் சிரித்தால், இந்த மேடையை விட்டு இறங்கி வருவேன்.

அன்று எம்மெட் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால், ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவரால் தானாக எழ முடியாது. யாராவது கை கொடுக்க வேண்டும். மகன் பக்கத்தில்தான் இருந்தான். நான்கு நிமிடம் பாக்கி இருக்கும்போது அவருக்கு அவசரமாகிவிட்டது. மகன் கையைத் தொட்டார். கரடிகள் அப்போதுதான் நம் எறிதல் ஒன்றைத் தடுத்திருந்தார்கள். "அப்பா, ரெண்டே நிமிஷம்ப்பா, இப்பத்தான் ஏறி வர்றாங்க, எழுந்தா போயிரும்" என்றான் மகன். அவர்கள் ஊரிலும் அதே பைத்தியம்தான், ஆட்டம் தங்கள் பக்கம் திரும்பும்போது எழக் கூடாது. முன்வரிசையில் இருந்தவரைத் தொட்டுப் பார்த்தார். அவரும் திரும்பவில்லை. எண்பத்து மூன்று வயதில், அத்தனை ஆயிரம் பேருக்கு நடுவில், பெரியவருக்கு அடக்க முடியாமல் போய்விட்டது. ஆட்டம் முடிந்து எல்லோரும் எழும்போது எல்லோரும் பார்ப்பார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

குனிந்த தலையை ஒருவர்தான் பார்த்தார். நாங்கள் எல்லாம் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

லோவெல் இறங்கி வந்து, அந்தப் பச்சை மேல்கோட்டை எம்மெட்டின் இடுப்பில் சுற்றிக் கட்டினார். "பெரியவரே, கைய குடுங்க, மெதுவா வாங்க" என்று தூக்கினார். மகன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கழிப்பறையில் அவரைத் துடைத்துவிட்டார். கால்சட்டையை அலசி, கை உலர்த்தும் இயந்திரத்தின் கீழே பிடித்துக் காயவைத்தார். அது பத்து விநாடிக்கு ஒருமுறை நின்றுவிடுமாம். லோவெல் அதைத் திட்டிக்கொண்டே தட்டித் தட்டி ஓடவைத்தாராம். வெளியே கூட்டம் கத்துவது உள்ளே கேட்கிறது. எந்தக் கூட்டம் கத்துகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

எம்மெட் சொன்னாராம்: "நீ போ தம்பி. உன் ஆளுங்க ஜெயிச்சிட்டிருந்தாங்க. நீ எழுந்துட்டதால போகுது."

"தெரியும், பெரியவரே."

"அப்ப ஏன் எழுந்த?"

லோவெல் கால்சட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே சொன்னாராம். இதை எம்மெட் சொன்னபடியே சொல்கிறேன். அர்லெட்டா, இது உங்களுக்கு.

"முன்னாடி ஒருதடவ எழுந்திருச்சிருக்கணும். எழுந்திரிக்கல. வீட்டுக்காரி இன்னும் அதச் சொல்லிக் காட்டுறா. அவ சொல்றது நியாயம்தான். அத மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க, அப்புறம் வீட்டுல என்னால குடியிருக்க முடியாது."

அர்லெட்டா, இனி அவன் அங்கே குடியிருக்கப் போவதில்லை. அதனால் சொல்லிவிட்டேன்.

அவன் ஏன் எங்களிடம் வாய் திறக்கவில்லை என்பதும் உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். சொன்னால் எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரிந்தால் இரண்டு ஊருக்கும் தெரியும். இன்னொருவருடைய மானத்தைக் கொடுத்துத் தன் முன் இருக்கையைக் காப்பாற்றிக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. அதற்காக அவன் குளிரில் உட்கார்ந்துகொண்டு வந்தான். எனக்கு இதை நினைத்தால் அழுகை வருகிறது. அதைவிடக் கோபம் வருகிறது. கோட்டையாவது காயவைத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே, மடையன். என் கோட்டைக் கேட்டிருக்கலாமே.

சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் தீர்மானத்துக்கு வருகிறேன். மேடக்ஸில் நாம் தோற்றது லோவெல் ஸ்டக்கியால்தான். அதில் மாற்றமில்லை. அவனே ஒப்புக்கொண்டது அது. ஒன்பது புள்ளி முன்னிலையில் எழுந்து போனான், தோற்றோம். ஆனால் முன் இருக்கையைப் பறித்த தீர்மானம் இன்றோடு ரத்து. எதிர்ப்பவர்கள் உண்டா? டுவைட், தீர்மானம் உன்னுடையது. தலையாட்டினால் போதாது, வாயால் சொல். சரி, நன்றி. லோவெல் ஸ்டக்கி தலைவராகவே இறந்தார் என்று பதிவாகட்டும். போதகர் அவர்களே, சற்று முன்பு அவரை அவன் இவன் என்று பேசிவிட்டேன். அதைத் திருத்த வேண்டாம்.

வண்டி நிற்காது. அடுத்த குளிர்காலத்திலும் பச்சை வண்டி கிளம்பும். நான் ஓட்டுவேன், முணுமுணுத்துக்கொண்டேதான் ஓட்டுவேன். எதிரிகளின் நட்டநடுவில்தான் உட்காருவோம். விதியும் இருக்கும், எடுக்க மாட்டோம், எடுத்தால் லோவெலே நம்மை விடமாட்டார். ஆனால் ஒன்று. பக்கத்தில் ஒருவர், எந்த நிறத் தொப்பி போட்டவராக இருந்தாலும், எழ முடியாமல் தவித்தால், நம்மில் ஒருவர் எழுந்திருப்போம். எழுந்தால் தோற்போம். தெரிந்தே தோற்போம். தோற்றுவிட்டு எழுந்தவரைத் திட்டுவோம். ஆனால் எழுவோம். இதுதான் இந்தச் சங்கம் இன்று எடுக்கும் உறுதி.

இப்போது மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என்ன, யாரும் அசையவில்லை?

டுவைட், முகத்தில் காட்டாதே என்றேன். சரி, காட்டிவிட்டாய், சொல்லிவிடு. யார் முன்னிலை? நாமா? எத்தனை? ஒரு புள்ளி. எவ்வளவு நேரம் பாக்கி? நாற்பது விநாடி.

பந்து யாரிடம்? வேண்டாம், சொல்லாதே.

அன்பர்களே, நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பதால் பிழைத்தேன். உட்கார்ந்திருந்தால் எனக்கும் கால் வந்திருக்காது. இறுதிப் போட்டிக்கு நாரைகள் போனதை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. இன்னும் நாற்பது விநாடி உட்கார்ந்திருந்துவிட்டு அப்புறம் எழுந்தால் என்ன என்று உங்கள் அத்தனை பேர் முகத்திலும் எழுதியிருக்கிறது. என் முகத்திலும் அதுதான் இருக்கும்.

அர்லெட்டா எழுந்துவிட்டார். ஜோலீனும் எழுந்துவிட்டாள். திரு. ஆல்ஸ்பா, நீங்களும். முன்வரிசை, எழுந்திருங்கள். மேடக்ஸ்காரர்களே, உங்களுக்கு என்ன, நீங்கள்தானே பின்தங்கியிருக்கிறீர்கள், எழுந்திருங்கள்.

டுவைட், காதில் இருப்பது அப்படியே இருக்கட்டும். உன் பக்கத்தில் இருக்கும் பெரியவரால் தானாக எழ முடியாது. நீ எழுந்திரு. அவருக்குக் கை கொடு.